பதினொண்ணுக்குக் குடுங்க

"பதினொண்ணுக்குக் குடுங்கப்பா! எவ்வளவு நேரமா சும்மா நிக்கிறான், அவனுக்குக் குடுங்க!"

வேலி ஓரத்திலிருந்து வந்த குரலைக் கேட்டதும் இவனுக்குக் காதெல்லாம் சுட்டது.

பதினொண்ணாம் நம்பர் எதிர் அணிக்காரன். கத்துவது இவனுடைய சொந்த அக்கா.

"யாருடா அது? தொண்டையில ஸ்பீக்கர் வெச்சிருக்காங்க போல" என்றான் பின்னால் நின்ற கோல்கீப்பர். ஆள் நெட்டை என்பதால் எல்லோருக்கும் அவன் கொக்கு.

"எங்க அக்கா."

"உங்க அக்காவா? அப்புறம் ஏன் அவனுக்குக் கத்துறாங்க? வீட்டுல சொத்துத் தகராறா?"



தடுப்பாட்டக்காரன் இவன். வலது ஓரம், இரண்டாம் நம்பர். கூட்டாளிகள் 'கதவு' என்பார்கள், சாத்தினால் சாத்தினதுதான். ஆனால் அது தெருவில் வாங்கிய பெயர். இரண்டு கிளப்புகள் தேர்வு ஆட்டத்துக்குக் கூப்பிட்டு, ஆடவிட்டு, "சொல்லி அனுப்பறோம் தம்பி" என்றன. சொல்லவும் இல்லை, அனுப்பவும் இல்லை. இது மூன்றாவது. இதுவும் கை நழுவினால் திங்கட்கிழமையிலிருந்து மாமாவின் இரும்புக் கிடங்குதான். மாமா கையுறைகூட வாங்கி வைத்துவிட்டார்.

"நீ வராதேக்கா, எனக்குக் கூச்சமா இருக்கும்" என்று காலையிலேயே கெஞ்சிப் பார்த்தான்.

"லாண்டரிக்கு லீவு சொல்லியாச்சு. நீ பாட்டுக்கு ஆடு, நான் ஒரு ஓரமா நிக்கிறேன்."

ஓரமாகத்தான் நின்றாள். சத்தம்தான் மைதானம் முழுக்க.

அவள் வாயைத் திறக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எதிர் அணி பந்தையெல்லாம் மறுபக்கமே கொண்டுபோனது. அங்கே ஓடிய ஏழாம் நம்பருக்குக் காலில் சக்கரம். இவனோ ஆளே வராத கடைக்குக் காவலாளி மாதிரி நின்றான். உள்ளுக்குள் நிம்மதி. பந்து வந்தால்தானே தப்பு வரும்? போன இரண்டு தேர்விலும் இப்படித்தான், ஒரு தப்பு கிடையாது.

இப்போது அந்த நிம்மதிக்கு உலை வைத்துவிட்டாள்.

தனக்கும் ஒரு ரசிகை உண்டு என்று தெரிந்தால் எந்தப் பையன் சும்மா நிற்பான்? பதினொண்ணு தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டு கையை உயர்த்தினான். "எனக்குப் போடு, எனக்குப் போடு."

போட்டார்கள். முதல் தடவையே இவனை ஏமாற்றிவிட்டு உள்ளே புகுந்தான். கொக்கு விழுந்து பிடித்ததால் மானம் பிழைத்தது.

"டேய் கதவு, தாழ்ப்பாள் போட மறந்துட்டியா?"

"சூப்பர் பதினொண்ணு, விடாதே" என்றது வேலி ஓரம்.

இவனுக்கு வந்த வயிற்றெரிச்சல் மொத்தமும் காலில் இறங்கியது. அடுத்த தடவை சேற்றில் சறுக்கிப் பந்தை வெளியே தள்ளினான். அதற்கடுத்து நெஞ்சைக் கொடுத்து மறித்தான். பதினொண்ணும் லேசுப்பட்டவன் இல்லை, விழுந்து எழுந்து திரும்பத் திரும்ப வந்தான். அவன் வலது பக்கம் திரும்பினால் இவன் அங்கே, இடது பக்கம் திரும்பினால் இவன் அங்கே. அக்காவுக்குக் குரல் கம்மியதுதான் மிச்சம். கோல் விழவில்லை.

விசில் ஒலித்தது. பயிற்சியாளர் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ரெண்டும் பதினொண்ணும் இருங்க. மத்தவங்க கிளம்பலாம்."

இவன் தோளில் தட்டினார். "எத்தனை விதமா வந்தான், முதல் தடவைக்கு அப்புறம் ஒண்ணுக்கும் வழி விடலையே. நாளையிலிருந்து பயிற்சிக்கு வந்துடு."

திரும்பி வரும்போது வேலியருகே பதினொண்ணு குழைந்துகொண்டிருந்தான். "உங்க குரலைக் கேட்டுத்தாங்க எனக்கு வேகமே வந்துச்சு."

"நல்லா ஓடினீங்க தம்பி" என்றாள் அக்கா.

அந்தத் 'தம்பி'யில் அவன் முகம் காற்றுப் போன பந்தாகிவிட்டது. மெல்ல நழுவினான்.

இவன் பொறுத்தது போதும் என்று பிடித்துக்கொண்டான். "உனக்கு வெக்கமா இல்லையாக்கா? கூடப் பொறந்துட்டு அவனுக்குக் கத்துறே. அவன் ஒரே ஒரு கோல் போட்டிருந்தா நான் திங்கட்கிழமை இரும்பு தூக்கியிருக்கணும்."

"தூக்கியிருப்பே" என்றாள் அவள் நிதானமாக. "சரி, ஒண்ணு கேக்கறேன். போன ரெண்டு தடவையும் போயிட்டு வந்தியே, உன் ஜெர்சியை யாரு துவைச்சா?"

"நீதான்."

"நான் எங்கடா துவைச்சேன்? அப்படியே மடிச்சு உள்ள வெச்சேன். ஒரு பொட்டு அழுக்கு இல்ல. பந்தே வராத பக்கம் நிக்கிறவனை யாரு கண்ணெடுத்துப் பார்ப்பாங்க? அதான் ஒரு ஆளை உன் பக்கம் கிளப்பி விட்டேன்."

இவன் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான். கழுத்திலிருந்து முழங்கால்வரை ஒரே சேறு.

அக்கா பையைத் திறந்து நீட்டினாள்.

"கழட்டிப் போடு. இன்னைக்குத்தான் எனக்கு வேலை வெச்சிருக்கே."