வாரம் ஒரு தப்பு

“நல்லெண்ணெய் ஒரு பாட்டிலுதான எடுத்தேன்? பில்லுல ரெண்டுன்னு இருக்கே, இதுக்கு என்ன அர்த்தம்?”

அந்தக் குரலைக் கேட்டதுமே வல்லிநாயகத்துக்குத் தலை வலித்தது. இன்று சனிக்கிழமை என்பதை எப்படி மறந்தார்?

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருந்தது அவருடைய சூப்பர் மார்க்கெட். சாரல் சீசன். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த கூட்டம் மூன்று கவுண்ட்டர்களிலும் நெருக்கியடித்தது. மூன்றாவது கவுண்ட்டரில் மட்டும் வரிசை நகரவே இல்லை. அங்கே நின்றுகொண்டிருந்தவர் தளவாய். இலஞ்சிக்காரர், ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திருட்டுக் கேஸ் எஃப்.ஐ.ஆரைப் படிப்பதுபோல பில்லை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“தப்புத்தான் சார். மன்னிச்சுக்கிடுங்க” என்றாள் பில் போடும் முத்துசெல்வி, தலையை நிமிர்த்தாமல்.

“போன வாரம் துவரம்பருப்பு. அதுக்கு முந்தின வாரம் பேஸ்ட்டு. வாராவாரம் மன்னிச்சுக்கிட்டே இருக்கணுமோ? காலையில சாப்பிட்டியா இல்லையா நீ? வெறும் வயித்தோட வந்து உக்காந்தா கணக்கு எப்படி வரும்?”

“சாப்பிட்டேன் சார்.”

“என்னத்தச் சாப்பிட்டே?”

“ரெண்டு இட்லி.”

“ரெண்டே ரெண்டு இட்லி! ராத்திரியாவது ஒழுங்காத் தூங்குதியா? கண்ணெல்லாம் உள்ள கெடக்கு. ஒரு டாக்டரைப் போயிப் பாத்தா என்ன கொறஞ்சு போகும்?”

“ஐயா, எங்க வேனு கெளம்பிரும்! பட்டிமன்றத்த அப்புறம் வச்சுக்கிடுங்க” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கையிலிருந்த ஷாம்பூ பாட்டிலை அப்படியே வைத்துவிட்டு ஒரு குடும்பம் வெளியே நடையைக் கட்டியது.

வல்லிநாயகம் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

“ஏட்டையா, தப்பு எங்க பேருலதான். இந்தாங்க, எண்ணெய்க்கு உள்ள ரூவா. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, புண்ணியமாப் போகும்.”

“ரூவாய்க்காக நான் நிக்கல, தம்பி.”

‘பெறவு எதுக்குய்யா நிக்கீரு?’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். போன மாதம் ஒருநாள், பக்கத்துக் கவுண்ட்டர் காலியாக இருக்கிறதே என்று இவரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டுப் பார்த்தார். “எனக்கு இதுதான் வசதி” என்று சொல்லி, அரை மணி நேரம் இதே வரிசையில் நின்று, இதே பெண்ணிடம் தப்பைக் கண்டுபிடித்து, இதே போல ஏசிவிட்டுப் போனார் மனிதர். இலஞ்சியில் இல்லாத கடையா? இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து தன் உயிரை எடுக்க வேண்டுமா?

இன்று இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டியதுதான்.

“ஏட்டையா, இந்தப் பிள்ளைய நிறுத்திருதேன். அடுத்த சனிக்கிழமை இங்கன வேற ஆளு இருக்கும். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

தளவாயின் முகம் கறுத்தது.

“யாரு ஓய் நிறுத்தச் சொன்னா? தப்பைக் கேட்டா ஆளை நிறுத்துவியளா? ஒரு பிள்ளை வயித்துல அடிக்கவா நான் வாரேன்? அவ இல்லேன்னா நான் இந்தக் கடைப் படியே ஏற மாட்டேன், பாத்துக்கிடும்!”

பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

வைத்திருந்தாலும் ஏச்சு, நிறுத்துகிறேன் என்றாலும் ஏச்சு. இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

மதியம் கூட்டம் குறைந்ததும் வல்லிநாயகம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முத்துசெல்வி வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அவள் போட்ட பில்களில் திருத்தியவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபம் உச்சி வரை ஏறியது. மற்ற எந்த வாடிக்கையாளருக்கும் ஒரு தப்பு இல்லை. அத்தனையும் சனிக்கிழமை. அத்தனையும் தளவாயின் பில்.

“ஏட்டி முத்துசெல்வி, இங்கன வா!”

வந்து நின்றாள்.

“நாலு மாசத்துல ஆயிரக்கணக்குல பில்லு போட்டிருக்கே. ஒருத்தருக்கும் தப்பு வரல. அந்த மனுசனுக்கு மட்டும் வாரம் தவறாம வருது. வேணும்னுதான போடுதே?”

அவள் இல்லை என்று தலையாட்டவில்லை.

“உனக்கும் அவருக்கும் அப்படி என்ன பகை? ஏன் இப்படி என் யாவாரத்தக் கெடுக்கே? நம்ம லோடு ஆட்டோ ஓட்டுத பென்னியோட பொண்டாட்டின்னுதான் உனக்கு வேலையே குடுத்தேன். உண்மையச் சொல்லு. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே.”

முத்துசெல்வி துப்பட்டா முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“பகையெல்லாம் இல்ல அண்ணாச்சி. மொத வாரம் சரியாத்தான் போட்டேன். பில்லை முழுசாப் படிச்சுப் பாத்துட்டு, ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாரு. அடுத்த வாரம் கை தவறிப் பில்லுல ஒரு உப்புப் பாக்கெட்டு கூட விழுந்திருச்சு. நின்னு நல்லா ஏசினாரு...”

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“நான் பென்னியக் கட்டிக்கிட்டுப் போன இந்த மூணு வருசத்துல, எங்க அப்பா எங்கிட்ட வாயத் தொறந்து பேசினது அன்னைக்குத்தான்.”