கிழிந்த சட்டை

"சுனாமி வந்தப்பகூட இந்த ஸ்கூல் மேல ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்ல சார்," என்றார் தலைமையாசிரியர் சவரிநாதன்.

எதிரே இருந்த தணிகாசலம் மகனின் கிழிந்த சட்டையை மேசைமேல் வைத்தார். "பாத்ரூம்ல தள்ளிவிட்டு அடிச்சிருக்காங்க சார்."

"உங்க பையன் நடக்கறதே பொம்பளப் புள்ளயாட்டம் இருக்குது. 'நான் பொண்ணு'ன்னு வேற சொல்றானாம். பசங்க விளையாட்டுக்குச் செஞ்சிருப்பானுங்க."

"நாமதான் பெருசு பண்ணக்கூடாது," என்றார் தணிகாசலம் மெதுவாக.

"அதேதான் சார். நீங்களும் அவனைக் கொஞ்சம்..."

"கபடி, கிரிக்கெட்டுன்னு அனுப்பணும்."

"கரெக்ட். அப்பவும் சரியா வரலைன்னா..."

"டி.சி. வாங்கிட்டுப் போயிடணும்."

சவரிநாதனுக்குப் புல்லரித்தது. இருபது வருட சர்வீஸில் இப்படியொரு பெற்றோரை அவர் கண்டதில்லை.

"எப்படி சார், என் மனசுல இருக்கறத அப்படியே சொல்றீங்க?"

"நானும் ஹெட்மாஸ்டர்தான் சார், கவர்மென்ட் ஸ்கூல்ல. போன வருஷம் ஒரு அம்மா இதேமாதிரி புள்ளயோட கிழிஞ்ச சட்டைய எடுத்துக்கிட்டு வந்தாங்க. ஒரு வார்த்தை மாறாம இதத்தான் சொல்லி அனுப்பினேன்."

சவரிநாதன் ஆர்வமாக முன்னால் சாய்ந்தார். "அப்புறம்? பிரச்சினை தீர்ந்துதா?"

"தீர்ந்துது சார்." தணிகாசலம் சட்டையை மடித்தார். "எங்க காம்பவுண்டுக்கு அந்தாண்ட உப்பளம். தினமும் பிரேயர்ல நிக்கும்போது தெரியுது. கணக்குல நூறு வாங்கின அந்தப் புள்ள, உப்பு வாரிக்கிட்டிருக்குது."