விற்றேனுக்கும் வாங்கினேனுக்கும் நடுவில்

இஸ்மாயில் வண்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி.

ரொட்டி சானாய் என்கிற மலேசியப் பரோட்டா போடுகிற தள்ளுவண்டி. புத்தம் புதிது. துறைமுகச் சாலையோரம், படகுத்துறைக்கு இறங்கும் சரிவில் நின்று மினுங்கியது. மாக் மண்டின் வட்டாரத்தில் இருக்கும் தன் பட்டறையில் அதைச் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கிய அய்யாக்கண்ணு, கிடைத்த பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

எதிரே மர்ஜானா நின்றாள். இத்தனை காலம் அடுத்தவர் கடையில் மாவு வீசியவள்.

பணம் பள்ளிவாசல் வட்டியில்லா நிதியுடையது. மீன் விற்கிறவர்களும் பலகாரம் விற்கிறவர்களும் வாரம் தவறாமல் போட்டது. அந்த நிதி யாருக்கும் பணமாகக் கடன் தராது. பொருளைத் தானே வாங்கும். கொஞ்சம் லாபம் வைத்து விற்கும். வாங்கியவர் மாதாமாதம் கட்டிக்கொள்ளலாம்.

ஆனால் விற்பதற்கு முன் பொருள் நிதிக்குச் சொந்தமாக இருந்தாக வேண்டும். அதற்கு, நிதியைப் பார்த்துக்கொள்ளும் இஸ்மாயில் அதைத் தொட்டாக வேண்டும். இது அவர் போட்ட சட்டம்.

ஒரு தடவை ஒருத்திக்கு வாத்துக் கூட்டம் வாங்கினார்கள். ஒவ்வொரு வாத்தாகத் தொட்டார். ஒன்று மட்டும் கைக்கு அகப்படவில்லை. தொடாததை எப்படி விற்பது? அந்த வாத்து இன்றைக்கும் அவர் வீட்டில்தான் இருக்கிறது, வாடகை இல்லாமல்.

"மத்த நிதிக்காரங்கல்லாம் பேப்பர்ல சைன் வாங்கிட்டு போயிட்டே இருக்காங்க. உங்களுக்கு மட்டும் என்னண்ணே இந்த நாடகம் லாஹ்?" என்றான் அய்யாக்கண்ணு.

"இந்த ஒரு நிமிஷம் இது என்ன ஆனாலும் நட்டம் எங்களுது தம்பி. அந்த பயம்கூட இல்லாம லாபம் மட்டும் எடுத்தா நான் வட்டிக்காரன்தான். நாளைக்கு மேல ஒருத்தன் கேப்பான்ல?"

சொல்லிவிட்டுக் கையை எடுத்தார். வண்டிக்கு முதுகு காட்டி, மர்ஜானாவின் பக்கம் திரும்பினார். நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நிதி வாங்கிய விலை நாலாயிரம் வெள்ளி. லாபம் நானூறு. இந்த விலைக்கு உனக்கு விற்றேன்.

வாங்கிக்கிட்டேன் என்று அவள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். விடிந்ததிலிருந்து அடுப்படியில் சொல்லிப் பார்த்த சொல். அது வாயை விட்டு வந்துவிட்டால் வண்டி அவளுடையது. கடனும் அவளுடையது. அந்தக் கடனை நினைத்துத்தான் இரவு முழுக்க அவள் தூங்கவில்லை.

அதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது.

அது அவசரப்படவில்லை. நேராகச் சரிவில் இறங்கியது. நடைபாதையில் படம் எடுத்துக்கொண்டிருந்த சுற்றுலாக்காரர்களுக்கு வழிவிட்டு, ஒதுங்கிப் போனது என்றுதான் பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். கடலில் இறங்கியபோதுகூட யார் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்கவில்லை. நல்ல வளர்ப்பு.

"கல்லு வச்சேனே! சக்கரத்துக்கு கல்லு வச்சேனே!" என்று கத்திக்கொண்டே ஓடிய அய்யாக்கண்ணு, கரையில் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இஸ்மாயில் கடலைப் பார்த்தார். பிறகு மர்ஜானாவைப் பார்த்தார்.

"சொல்லிட்டியா தங்கச்சி?"

"இல்லண்ணே. வாயே தொறக்கல."

உண்மைதான்.

நாலாயிரம் வெள்ளியைக் கடலுக்குக் கொடுத்த மனிதரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் எதிர்பார்க்கவில்லை. "அல்ஹம்துலில்லாஹ். அப்ப உனக்கு ஒண்ணும் இல்ல. நட்டம் நிதிக்குத்தான்," என்றார். கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். உனக்கு அடுத்து நஸீஹாவுக்குத் தையல் மெஷின் வாங்கித் தருவதாக இருந்தோம், பாவம், அவள் அடுத்த வருடம்வரை பொறுத்துக்கொள்வாள் என்றார்.

"ஒரு மூச்சு முந்தி சொல்லியிருந்தா, கடல்ல கெடக்குற வண்டிக்கு மாசாமாசம் கட்டியிருப்பீங்கக்கா," என்று அய்யாக்கண்ணு வலுக்கட்டாயமாகச் சிரித்தான்.

மர்ஜானா சிரிக்கவில்லை.

சொன்னாயா, இல்லையா. அந்த ஒரு கேள்வியைத்தான் அவளிடம் கேட்டார்கள்.

அப்போது இஸ்மாயில் லாபத்தைச் சொல்லி முடிப்பதற்கு முன்பே, அவர் முதுகுக்குப் பின்னால் சக்கரத்தின் அடியிலிருந்து கல் நழுவியது. வண்டி அரைச் சாண் நகர்ந்து, தயங்கி நின்றது. அவர் கையை நீட்டினால் எட்டும் தூரம். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும்.

அவள் வண்டியைப் பார்த்தாள். அவர் விற்றேன் என்று சொல்லி முடிக்கும்வரை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.