பெரிய திரை

"மறுபடியும் தலைவலியா?" என்று கணவன் கவலையோடு கேட்டான்.

"பின்னே? இத்தனூண்டு ஹாலுக்குச் சுவர் முழுக்க சினிமா ஸ்க்ரீன். குழந்தை கண்ணுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்குங்க."

போன மாதம் இவர்களுக்கு வீட்டை விற்றவர், அந்த ஸ்க்ரீனை இனாமாகவே விட்டுப் போயிருந்தார்.

"தங்கமான மனுஷன். அளவுதான் தெரியல" என்றான் கணவன்.

டெக்னீஷியன் வந்து டேப் பிடித்தார். "ஸ்க்ரீனை மூலைக்கு மூலை அளப்போம் சார். இது நூத்தியிருபது இஞ்ச். நீங்க உட்கார்ற தூரத்துக்கு எண்பது போதும்."

"முதல்ல இதைக் கழட்டுங்க. அப்பதான் எனக்கு நிம்மதி" என்றாள் மனைவி.

ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஆண்கள் இருவரும் ஸ்க்ரீனைக் கீழே இறக்கினார்கள்.

அது இருந்த இடத்தில், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை, விரல் நுழையும் அளவுக்குச் சுவர் பிளந்திருந்தது.

மனைவி டேப்பை வாங்கி, விரிசலின் மேல் வைத்துப் பார்த்தாள்.

"நூத்திப் பதினெட்டு. அந்தத் தங்கமான மனுஷன் அளந்துதாங்க வாங்கியிருக்கார்."