பதினேழையும் எடுத்தாச்சு

கம்ப்யூட்டர் திரையில், மூன்று வயதில் எடுத்த போட்டோவில் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, ஃபாலோ செய்யும் பேஜ்களின் பட்டியல். முதல் பெயரைப் படித்ததுமே டிரைவிங் மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

'விவாகரத்து: சட்டம் என்ன சொல்கிறது?'

மகளுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. பத்து நாளைக்கு முன்னால் ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கியவள், "சும்மா இருந்துட்டுப் போலாம்னு வந்தேன்ப்பா" என்றாள். சும்மா வருகிறவள் மாப்பிள்ளையை விட்டுவிட்டா வருவாள்? அன்றைக்கே அவருக்கு மனசில் முள் தைத்திருந்தது.

வீட்டின் முன்னறைதான் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸ். லைசென்ஸ் விண்ணப்பம் போடுவதற்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். இந்தப் பத்து நாளாக, அவர் வகுப்பு முடிந்து வரும்போதெல்லாம் அம்மாவும் பெண்ணும் அதன் முன்னால் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் தலையைக் கண்டதும் எழுந்துவிடுவார்கள். இன்றைக்கு மூட மறந்துபோயிருக்கிறார்கள்.

அக்கவுண்ட் பெயர் 'பட்டுக்குட்டி'. மகளை அவர் கொஞ்சும் பெயர். பட்டியலை மேலே தள்ளிக்கொண்டே போனார்.

'தனியாக வாழப் பழகுவோம்.' 'மகளிர் விடுதி: அறைகள் உடனே கிடைக்கும்.' 'ஜீவனாம்சம் உங்கள் உரிமை.' நடுவே, 'ஸ்டியரிங் பிடிப்போம் தோழி: முதல் பாடம்' என்று ஒன்று. பதினெட்டு வயதிலேயே அவரிடம் கற்று லைசென்ஸ் வாங்கியவளுக்கு முதல் பாடம் எதற்காம்? கண்ட கண்ட பேஜையெல்லாம் ஃபாலோ பண்ணி வைத்திருக்கிறது கழுதை என்று முணுமுணுத்தபடி அதைத் தாண்டிப் போனார்.

மாஸ்டரின் காரில் பிரேக் இரண்டு. கற்றுக்கொள்கிறவர் மிதிக்கத் தவறினால், பக்கத்து சீட்டிலிருந்து அவர் மிதித்துவிடுவார். முப்பது வருஷத் தொழில். வீட்டிலும் அந்தக் கால் சும்மா இருந்ததில்லை.

இப்போதும் மிதித்தார். அன்ஃபாலோ. அடுத்ததற்கும் அன்ஃபாலோ. 'நிச்சயமாக நிறுத்தவா?' என்று ஒவ்வொரு தடவையும் அது கேட்டது. "பின்னே? உன்னைக் கேட்டுட்டா செய்யணும்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். பதினேழு பேஜ்களும் போன பிறகுதான் மூச்சு சீராக வந்தது.

மனைவி டீயோடு வந்தாள். சட்டென்று திரையை அணைத்தார்.

"உன் பொண்ணு உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

"எதப் பத்தி?"

"புருஷனோட வாழப் பிடிக்கலன்னு... அந்த மாதிரி."

டம்ளரை வைத்த கை அப்படியே நின்றது. "அப்படி ஒருத்தி வந்து சொன்னா, நீங்க என்ன சொல்வீங்க?"

"பொறுத்துப் போன்னுதான் சொல்வேன். வேறென்ன? அவன் குடிக்கிறானா, கை நீட்டுறானா? ஆம்பள நாலு வார்த்த அதட்டத்தான் செய்வான். அதுக்காகக் கட்டினவனை விட்டுட்டுப் போயிடறதா? நாம முப்பது வருஷம் குடித்தனம் பண்ணலியா?"

"பண்ணினோம்," என்றாள். "டீ ஆறிடும், குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் அப்படித்தான். எதையும் நீட்டி முழக்க மாட்டாள். அந்தப் பொறுமையில் கால்வாசியாவது பெண்ணுக்கு வந்திருக்கக் கூடாதா என்று மாஸ்டருக்கு ஆற்றாமையாக இருந்தது.

இனியும் தள்ளிப்போட முடியாது. மகளைக் கூப்பிட்டார்.

"இங்க வா பட்டு. உக்காரு. அப்பா எல்லாத்தையும் பாத்துட்டேன்."

திரையைப் போட்டுக் காட்டினார். பட்டியல் காலியாக இருந்தது. மகளின் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க?"

"பதினேழையும் எடுத்தாச்சு. கண்ணுல படலைன்னா மனசுலயும் நிக்காது." அதட்டலாகத்தான் ஆரம்பித்தார். குரல்தான் பாதியில் உடைந்துபோனது. "மாப்பிள்ளைகிட்ட என்ன குறை இருந்தாலும் எங்கிட்ட சொல்லுடா. நான் பேசறேன். கால்ல விழணும்னாலும் விழறேன். ஆனா, வாழாவெட்டியா வந்து மட்டும் நிக்காதம்மா. அப்பாவால தாங்க முடியாது."

அப்பா அழுது அவள் பார்த்ததே இல்லை. பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் அவருக்கும் ஒரு சண்டையும் இல்லப்பா. நாளைக்குக் காலையில அவரே வந்து கூட்டிட்டுப் போறாரு."

"நிஜமாவா?"

"சத்தியமா."

போன உயிர் திரும்பி வந்தது மாஸ்டருக்கு. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிதாகச் சிரித்தார்.

"அடி கழுதை! கொஞ்ச நேரத்துல என்னக் கொன்னே போட்டியே. அப்புறம் எதுக்குடி இந்தக் கண்றாவியெல்லாம் ஃபாலோ பண்ணிட்டிருந்த?"

மகள் சிரிக்கவில்லை. உள்ளறையில் அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவர் கையை விடாமல் சொன்னாள்.

"அப்பா, இது அம்மாவோட அக்கவுண்ட்."