ஒருநாள் விடுப்பு

நிறுவனத்தின் புதிய ஜாவா வலைவாசல் திங்கட்கிழமை திறக்கப்படவிருந்தது. விடுப்பு என்றாலே மூக்கால் அழும் மேலாளர், அதில் முன்கூட்டியே வந்திருந்த ஒருநாள் விடுப்பு விண்ணப்பத்தைப் பெயரைக்கூடப் படிக்காமல் சலிப்புடன் ஏற்று, ‘ஒப்புதல்’ பொத்தானை அழுத்தினார். பக்கம் அசையவில்லை.

“என்னம்மா இது, கல்லு மாதிரி நிக்குது?” என்று பக்கத்திலிருந்த உதவியாளரிடம் கேட்டபடியே மேலும் மேலும் தட்டினார்.

“விடுங்க சார்! கோரிக்கை திரைக்குப் பின்னாடி போய்க்கிட்டுதான் இருக்கும். பதில் வந்ததும் பொத்தான் இருக்கற கட்டம் மட்டும் மாறும்,” என்றார் உதவியாளர். “அதுவரைக்கும் பொத்தானைப் பூட்டி வைக்கணும், ரெண்டு நாள் அவகாசம் வேணும்னு இந்த வலைவாசலுக்கு நிரல் எழுதினவங்க கேட்டாங்க. நீங்கதான் தேவையில்லைன்னுட்டீங்க.”

அதற்குள் கட்டம் மாறியது: ‘ஒன்பது நாள் விடுப்பு அளிக்கப்பட்டது.’

ஒவ்வொரு தட்டலும் ஒரு நாளாகச் சேர்ந்திருந்தது. மேலாளர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

“ஐயையோ! திங்கட்கிழமை என் மானம் கப்பலேறிடும். இதை எழுதின மகராசி எங்கே? உடனே சரிபண்ணச் சொல்லு!”

உதவியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“இப்பதான் செய்தி அனுப்பினாங்க சார். ஒரு நாள் கேட்டதுக்கு ஒன்பது நாளா அள்ளிக் கொடுத்த உங்க தாராள மனசுக்கு நன்றி சொல்லிட்டு, போனை அணைச்சுட்டாங்க.”