ஒரு மணிக்கு ஏறும் சூடு

"இன்னைக்கும் அதே ஒரு மணிக்கா?"

டைரக்டர் கேட்டதற்கு இன்ஜினியர் தலையை மட்டும் ஆட்டினாள். மேஜை மேல் பதினெட்டு நாள் வெப்ப வரைபடங்கள் கிடந்தன. அநேகமாக எல்லாவற்றிலும் கோடு ஒரே இடத்தில் முதுகைத் தூக்கியிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தில் பத்துக்குப் பத்தில் இரண்டு சோதனை அறைகள். ஒன்றாம் எண், வழக்கமான கான்கிரீட். இரண்டாம் எண், அவளுடைய கலவை. சிமெண்டைப் பாதியாகக் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்த்தது. சிமெண்ட் ஆலை விடும் புகையும் பாதியாகும். வெப்பத்தைத் தடுக்க நுரை கலந்ததில், ரொட்டிக்குள் இருப்பதுபோல் உள்ளெல்லாம் பொடிப்பொடியாய்க் காற்றுக் குமிழிகள். மூன்று வருட உழைப்பு. இது தேறினால், கட்டப்போகும் அறுநூறு வீடுகளுக்கும் இதே சுவர், இதே கூரை.

"பன்னெண்டரை வரைக்கும் பக்கத்து ரூமைவிட ஆறு டிகிரி கம்மி, சார். அதையும் பாருங்க."

"பார்த்தேன்மா. ஒரு மணிக்கு அந்த ஆறும் எங்க போச்சு? உச்சி வெயில்ல கை விடுற சுவரை நம்பி நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"போன ஞாயித்துக்கிழமை ஏறவே இல்லையே, சார்."

"ஞாயித்துக்கிழமை மட்டும் குடியிருக்கவா வீடு?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெப்பமானியை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. விரிசல் தேடிக் கூரையில் ஏறியதில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டதுதான் மிச்சம். உள்ளே போய்ப் பார்க்கவும் வழியில்லை. சோதனை முடியும்வரை கதவைத் திறந்தால் கணக்கே கெட்டுவிடும். அதற்காகத்தான் அவளே பின்பக்கக் கதவில் ஒரு பலகை மாட்டியிருந்தாள்: 'உள்ளே நுழைபவருக்கு மறுநாள் வேலை இல்லை.'

"இன்னும் ஒரே ஒரு வாரம் குடுங்க, சார்."

"அறுநூறு வீட்டுக்கும் பழைய கான்கிரீட்தான்னு இப்பதான் போன்ல சொல்லிட்டு வந்தேன். சாயங்காலத்துக்குள்ள அந்த ரூமை இடிச்சு இடத்தைக் காலி பண்ணச் சொல்லு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

*

"இடிக்கணுமா? இதையா?" மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்தார். "நல்ல ரூமும்மா இது."

"நீங்களும் நானும் சொன்னா ஆச்சா, அண்ணே? கருவி சொல்லணுமே."

மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் நின்ற பதினோரு ஆட்களைப் பார்த்தார். கதவிலிருந்த பலகையைப் பார்த்தார். வந்த சொல்லை மென்று விழுங்கிவிட்டு, "சரிம்மா" என்றார்.

முதல் சம்மட்டி அடி விழுந்ததும், அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

இடிப்பு வேலை என்றால் கேலியும் கூச்சலுமாக இருக்கும் கூட்டம் அது. இன்று குனிந்த தலை நிமிராமல் இடித்தார்கள். கூரை பொதேலென்று உள்ளே உட்கார்ந்தது. புழுதி அடங்கும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நிறைமாத வயிற்றோடு கல் பொறுக்கிக்கொண்டிருந்த சித்தாள்தான் மெதுவாகக் கேட்டாள்.

"இன்ஜினியரம்மா அழுதுக்கிட்டே போனாங்கண்ணே. சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா? பலகையில என்ன எழுதியிருக்குன்னு தெரியும்ல? மொத்தப் பேருக்கும் நாளைக்கு வேலை கிடையாது. உனக்குப் பிரசவச் செலவுக்கு யாரு தருவா?"

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த ஒன்றாம் எண் அறையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அந்த ரூம்ல அஞ்சு நிமிஷம் இருக்க முடியாதுண்ணே, அடுப்புக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கும். ஒரு மணிக்குச் சாப்பிட்டுட்டு நாம பன்னெண்டு பேரும் இனிமே எங்க போய் நெருக்கியடிச்சுப் படுக்கிறது?"